கார் எஞ்சின் குளிர்விப்பின் வரலாறு: வாட்டர் பம்பும் கூலன்ட்டும்

கார் எஞ்சினில் உண்டாகும் மிகை வெப்பத்தைத் திரவம் ஒன்றின் வழியாக வெளியேற்றும் ஏற்பாடு குளிர்விப்பு அமைப்பு எனப்படும். எஞ்சினுக்குள் சுற்றிவரும் திரவம் கூலன்ட். அதைத் தள்ளி ஓடச்செய்யும் கருவி வாட்டர் பம்ப். திரவம் சுமந்து வரும் வெப்பத்தைக் காற்றில் விடும் பகுதி ரேடியேட்டர். 1886இல் கார்ல் பென்ஸ் தம் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கோரியபோது இம்மூன்றில் எதுவும் இன்றைய வடிவில் இல்லை.

அன்று தொடங்கி ஏறத்தாழ 140 ஆண்டுகளில் இந்த அமைப்பு ஓட்டுநரின் கையைவிட்டு மெல்ல விலகியிருக்கிறது. முதல் கார்களுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இன்றைய காரை ஆண்டுக்கணக்கில் மூடியைத் திறக்காமல் ஓட்ட முடியும். ஆனால் கவனிக்க வேண்டிய தேவை மறைந்துவிடவில்லை. முன்பு கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் நீரின் அளவு. இப்போது கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத வேதிப்பொருள்களின் ஆயுள். இந்த மாற்றம் ஏன், எப்படி நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பத்தின் கணக்கு

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பயனுள்ள வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பம் புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சிலிண்டர் சுவர்களுக்குள் இறங்குகிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆகவே, உள்ளிறங்கும் வெப்பத்தை இடைவிடாமல் அகற்றாவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களில் கெடும். அதேபோல், அளவுக்கு மீறிக் குளிர்வித்தாலும் தீங்குதான். எரிபொருள் சரியாக ஆவியாகாது. எண்ணெய் தடித்து உராய்வு கூடும். எனவே, இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலும் 90 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் ஓடுமாறு அமைக்கப்படுகின்றன.

இந்த வேலைக்கு நீரைப்போல் ஏற்ற திரவம் வேறில்லை. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் திரவங்களில் இது மிக உயர்ந்த அளவு. ஆனால் நீருக்கு நான்கு குறைகள் உண்டு. அது 100 டிகிரியில் கொதிக்கும்; 0 டிகிரியில் உறையும்; உலோகத்தை அரிக்கும்; கரைந்த உப்புகளைச் சூடான இடத்தில் படியவிடும். கார் குளிர்விப்பின் வரலாறு முழுவதும் இந்த நான்கு குறைகளையும் ஒவ்வொன்றாகக் கையாண்ட வரலாறே.

கொதித்து ஆவியாகும் நீர்

பென்ஸின் முதல் வண்டியில் நீர் சிலிண்டரைச் சுற்றியிருந்த உறையில் நின்று சூடாகிக் கொதித்து ஆவியாகப் போனது. இது முரட்டுத்தனமான முறையாகத் தோன்றினாலும் இயற்பியல் அடிப்படையில் வலுவானது. ஒரு கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிவரை சூடாக்கினால் அது ஏறத்தாழ 335 கிலோ ஜூல் வெப்பத்தை ஏற்கும். அதே நீர் முழுதும் ஆவியாகும்போது மேலும் 2257 கிலோ ஜூலை எடுத்துச்செல்லும். பம்ப், ரேடியேட்டர், விசிறி எதுவும் இல்லாமலேயே எஞ்சின் 100 டிகிரிக்கு அருகில் நின்றுவிடும். இதற்கு ஈடாக, ஆவியான நீரை ஓட்டுநர் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த விலையை நெடுந்தூரப் பயணத்தில் முதலில் கொடுத்தவர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் அவர் தம் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவருடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை, 100 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை, இந்த வண்டியில் கடந்தார். வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக்கடையொன்றில் எரிபொருள் வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. எரிபொருளைக் காட்டிலும் அடிக்கடி தேவைப்பட்டது தண்ணீர். வழியில் கிடைத்த நீரையெல்லாம் எடுத்து ஊற்றிக்கொண்டே அவர்கள் சென்றார்கள். காரின் முதல் நெடும்பயணம் தண்ணீரைத் தேடிய பயணமாகவும் இருந்தது.

தேன்கூடு ரேடியேட்டர்

எஞ்சினின் திறன் கூடக்கூட, ஆவியாக்கும் முறைக்கு வேண்டிய நீரின் அளவும் கூடியது. நீரை இழக்காமல் அதன் வெப்பத்தை மட்டும் இழக்கச் செய்வதே தீர்வு. இதற்கு நிலையான வடிவம் தந்தவர் டைம்லர் நிறுவனத்தின் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். 1900இன் இறுதியில் எமில் யெல்லினெக் என்ற வணிகருக்கு வழங்கப்பட்ட 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் அவரது தேன்கூடு ரேடியேட்டர் இடம்பெற்றது. அதில் ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்றும், அவற்றின் இடைவெளிகளில் நீரும் சென்றன.

இந்த அமைப்பின் வலிமை அதன் பரப்பளவில் இருக்கிறது. ஒரே கொள்ளளவுள்ள நீரை மிக மெல்லிய படலங்களாகப் பிரித்துக் காற்றோடு உறவாடவிட்டால், வெப்பம் விரைவாக வெளியேறும். இதனால் வண்டி சுமக்க வேண்டிய நீர் பெருமளவு குறைந்தது. 1901 மார்ச்சில் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த பந்தய வாரத்தில் இந்த கார் பெற்ற வெற்றிகள் மற்ற உற்பத்தியாளர்களை அதே வழியில் இழுத்தன. காரின் முகப்பில் ரேடியேட்டர் நிற்பது அப்போதிருந்து வழக்கமானது.

பம்ப் இல்லாமல் ஓடிய கார்

ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பம்ப் வைப்பது. மற்றொன்று, நீரைத் தானாகவே சுற்றவிடுவது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே எழும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். எஞ்சினின் மேற்பகுதியை ரேடியேட்டரின் மேற்பகுதியோடும், அடியை அடியோடும் அகலமான குழாய்களால் இணைத்துவிட்டால், எஞ்சின் சூடானதுமே நீர் தானாகச் சுற்றத் தொடங்கும். இம்முறைக்குத் தெர்மோசைஃபன் என்று பெயர்.

இதன் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி. தொடக்கத்தில் வெளிவந்த ஏறத்தாழ 2,500 மாடல் டி கார்களில் வாட்டர் பம்ப் இருந்தது. அதன்பின் ஃபோர்டு பம்பை நீக்கித் தெர்மோசைஃபனுக்கு மாறினார். 1927இல் உற்பத்தி முடிவதற்குள் வெளிவந்த 1.5 கோடிக்கும் மேற்பட்ட கார்களில் மிகப் பெரும்பாலானவை பம்ப் இல்லாமலே ஓடின. அன்றைய நிலையில் இது அறிவுள்ள முடிவு. பம்ப் இல்லையென்றால் தேயும் தாங்கியும் இல்லை, கசியும் அடைப்பும் இல்லை. பழுதுபார்க்கும் கடை அருகில் இல்லாத உழவர்களுக்கு இது பெரிய நன்மை.

எனினும் தெர்மோசைஃபனின் விசை மிகச் சிறியது. சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு சில விழுக்காடு மட்டுமே. அதனால் உயரமான ரேடியேட்டரும் அகலமான பாதைகளும் வேண்டும். நீரின் மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்று அறுந்துபோகும். குழாயில் கொஞ்சம் படிவு சேர்ந்தாலும் ஓட்டம் தளரும். ஏற்றத்தில் நெடுநேரம் பாரத்தோடு ஏறினால் நீர் கொதித்துவிடும். எஞ்சின்களின் திறன் உயர்ந்தபோது பம்ப் திரும்பி வந்தே ஆகவேண்டியிருந்தது.

மையவிலக்கு பம்ப்

காரில் நிலைபெற்ற பம்ப் மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. சுழலும் சக்கரம் நடுவில் நுழையும் நீரை விளிம்பை நோக்கி வீசித் தள்ளும். இது காருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜான் ஆப்போல்ட் வளைந்த இறகுகள் கொண்ட மையவிலக்கு பம்பைக் காட்டினார். நேரான இறகுகள் கொண்ட பம்பின் செயல்திறன் 24 விழுக்காடாக இருக்க, வளைந்த இறகுகள் 68 விழுக்காட்டைத் தந்தன. காருக்கு இவ்வகை பொருந்தியதற்குக் காரணம் எளிது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வெப்பமும் கூடுகிறது. அதே வேகத்தில் சுற்றும் பம்ப் தள்ளும் நீரின் அளவும் கூடுகிறது.

1927இன் இறுதியில் மாடல் டிக்கு மாற்றாக வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் மையவிலக்கு பம்ப் இருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்த விசிறியும் பம்பும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் சுழன்றன. இந்தியப் பட்டறைகளில் 'ஃபேன் பெல்ட்' என்ற சொல் நிலைத்ததற்கும் இத்தகைய அமைப்பே மூலம். அந்த பெல்ட் அறுந்தால் விசிறி மட்டுமன்றிப் பம்பும் நின்றுவிடும் என்பதால்தான் பழைய ஓட்டுநர்கள் உபரி பெல்ட் ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தார்கள்.

பம்ப் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1932இல் வந்த ஃபோர்டு வி8 எஞ்சினில் இரண்டு பம்புகள் சிலிண்டர் ஹெட்டுகளின் முன்புறத்தில் அமைந்திருந்தன. அவை எஞ்சினின் உச்சியிலிருந்து சூடான நீரை உறிஞ்சின. அந்த எஞ்சின் சூடேறுவதில் பெயர்பெற்றது. 1937இல் பம்புகள் எஞ்சின் பிளாக்கின் முன்புறத்துக்கு இறக்கப்பட்டு, ரேடியேட்டரிலிருந்து வரும் குளிர்ந்த நீரை உள்ளே தள்ளுமாறு மாற்றப்பட்டன. இதில் ஒரு பொதுவிதி உண்டு. பம்பின் உறிஞ்சும் வாயில் அழுத்தம் குறையும். கொதிநிலையை நெருங்கிய நீர் அந்த இடத்தில் நீராவிக் குமிழிகளாக மாறிவிடும். குமிழியைப் பம்பால் தள்ள முடியாது. மேலும் அக்குமிழிகள் உடையும்போது சக்கரத்தின் உலோகத்தைக் குத்திக் குழியாக்கும். ஆகவே, பம்புக்குக் குளிர்ந்த பக்கத்திலிருந்தே நீர் வர வேண்டும்.

பம்பின் மற்றொரு பலவீனம், சுழலும் தண்டு வெளியே வரும் இடம். பழைய பம்புகளில் அங்கே கிரீஸ் தோய்ந்த கயிற்றைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். தளர்ந்தால் முடுக்க வேண்டும். அடிக்கடி கிரீஸ் கொடுக்க வேண்டும். பின்னர் ஸ்பிரிங் அழுத்தத்தில் இரண்டு மெருகேற்றிய வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் சீல் வந்தது. இந்த வளையங்களுக்கிடையே கூலன்ட்டின் மிக மெல்லிய படலம் நின்று உயவுப்பொருளாகவும் குளிர்விப்பானாகவும் உதவுகிறது. அதாவது பம்ப் கூலன்ட்டை ஓட்டுகிறது. கூலன்ட் பம்பைக் காக்கிறது. கூலன்ட் இல்லாமல் பம்ப் சுழன்றாலோ, துருவும் உப்புத்துகளும் அதில் மிதந்தாலோ, முதலில் கெடுவது இந்த சீல்தான்.

உறைபனியும் கிளைக்காலும்

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. வார்ப்பிரும்பு பிளாக்கை வெடிக்கச் செய்ய அது போதும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இரவுதோறும் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டுக் காலையில் மீண்டும் ஊற்றுவது வழக்கமாக இருந்தது. அதைத் தவிர்க்க மெத்தனால், எத்தனால், கிளிசரின் முதலியவற்றை நீரில் கலந்தார்கள். மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பதால் எஞ்சின் சூட்டில் அவை ஆவியாகிப் போயின. நேற்று கலந்தது இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிளிசரின் ஆவியாகாது, ஆனால் குளிரில் மிகவும் தடித்துவிடும்.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் அடால்ஃப் வூர்ட்ஸ் 1856இல் எத்திலீன் கிளைக்காலை உருவாக்கியிருந்தார். நீண்டகாலம் அது ஆய்வகப் பொருளாகவே இருந்தது. முதல் உலகப் போரின்போது வெடிபொருள் தயாரிப்பில் கிளிசரினுக்கு மாற்றாக அதன்மேல் கவனம் திரும்பியது. 1920களில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு குழுமம் அதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1927இல் 'பிரஸ்டோன்' என்ற பெயரில் அது கார் உறைதடுப்பானாகச் சந்தைக்கு வந்தது.

எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி. ஆகவே, அது ஆவியாகித் தொலைவதில்லை. வியப்பான பண்பு அதன் கலவையில் இருக்கிறது. தூய நீர் 0 டிகிரியிலும் தூய கிளைக்கால் ஏறத்தாழ மைனஸ் 13 டிகிரியிலும் உறையும். இரண்டையும் சம அளவில் கலந்தால், கலவை மைனஸ் 37 டிகிரி அளவில்தான் உறையத் தொடங்கும். அதே கலவையின் கொதிநிலை ஏறத்தாழ 107 டிகிரிக்கு உயர்கிறது. எனினும் கிளைக்கால் கூடக்கூடக் கலவை வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறையும். தூய கிளைக்காலை ஊற்றினால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று எண்ணுவது தவறு. அது சம அளவுக் கலவையைவிட மோசமாகக் குளிர்விக்கும், முன்னதாகவே உறையும்.

விமானம் தந்த பாடம்

1930களில் குளிர்விப்பின் எல்லைகளைச் சோதித்தது விமானத்துறை. பிரிட்டனின் சூப்பர்மரீன் நிறுவனம் 1934இல் பறக்கவிட்ட டைப் 224 என்ற சோதனை விமானத்தில் பென்ஸின் பழைய கருத்து புதிய வடிவில் திரும்பியது. நீரைக் கொதிக்கவிட்டு, நீராவியை இறக்கையின் விளிம்பில் குளிர்வித்து, மீண்டும் நீராக்கி, பம்பால் மேலேற்றும் ஏற்பாடு அது. விமானம் உயர ஏறும்போது காற்றழுத்தம் குறைந்தது. குளிர்ந்து சேர்ந்த நீர் பம்பின் வாயில் மீண்டும் நீராவியானது, எஞ்சின் சூடேறியது. அந்த விமானம் தோல்வியுற்றது. அதே நிறுவனத்தின் அடுத்த படைப்பான ஸ்பிட்ஃபயர் கிளைக்கால் குளிர்விப்பை ஏற்றது. அதன் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் முதலில் தூய கிளைக்காலைப் பயன்படுத்தியது. பின்னர் வந்த வகைகள் 70 விழுக்காடு நீரும் 30 விழுக்காடு கிளைக்காலும் சேர்ந்த கலவையை அழுத்தத்தில் அடைத்து ஓட்டின.

அழுத்தம் என்பதே இங்கே முக்கியமான சொல். மூடிய கலத்தில் அழுத்தம் இரு மடங்கானால் நீரின் கொதிநிலை 100இலிருந்து 120 டிகிரிக்கு உயரும். கார்களில் இந்தப் பணியைச் செய்வது ஸ்பிரிங் வைத்த ரேடியேட்டர் மூடி. பார்வைக்கு அது வெறும் மூடி. உண்மையில் அது ஒரு வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் திறந்து, மிகுந்த கூலன்ட்டைத் துணைத்தொட்டிக்கு அனுப்பும். எஞ்சின் ஆறும்போது இன்னொரு சிறு வால்வு வழியாக அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் வளையம் கெட்டால் அழுத்தம் நிற்காது. மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் எஞ்சின் கொதிக்கும்.

சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதிலிருந்தே வருகிறது. 100 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்கும் கூலன்ட், மூடி திறந்து அழுத்தம் விழுந்த அந்த நொடியே நீராவியாகப் பீறிடும். முகத்திலும் கையிலும் ஏற்படும் கடுமையான தீக்காயங்களுக்கு இந்த அவசரம் காரணமாகிறது.

இதே காலத்தில் தெர்மோஸ்டாட்டும் திருந்திய வடிவம் பெற்றது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து, சூடானதும் திறப்பது இதன் வேலை. 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய மெழுகு வகையில், சிறு குப்பிக்குள் இருக்கும் மெழுகு உருகி விரியும் விசையே வால்வைத் திறக்கிறது. மின்சாரமோ கம்பியோ வேண்டியதில்லை. இந்த முறை இன்றுவரை நீடிக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் வெப்பநாட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றிவிடும் வழக்கம் இருந்தது. அதனால் எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகிறது. எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடுகின்றன.

அரிமானம்: மறைந்திருந்த எதிரி

கிளைக்கால் உறைதலையும் கொதித்தலையும் கையாண்டது. ஆனால் அரிமானத்தைத் தானாகத் தடுக்கவில்லை. சூட்டிலும் காற்றிலும் நெடுங்காலம் இருந்தால் கிளைக்கால் சிதைந்து அமிலங்களைத் தரும். குளிர்விப்பு அமைப்பில் இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப் பற்று எனப் பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்திருக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் மின்கடத்தும் திரவத்தில் ஒன்றாக நின்றால் அவை ஒரு மின்கலம்போல் இயங்கி, ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும்.

எனவே, கூலன்ட்டில் அரிமானத் தடுப்பான்கள் சேர்க்கப்பட்டன. போரேட், பாஸ்பேட், சிலிக்கேட், நைட்ரைட் போன்ற கனிம உப்புகள் உலோகத்தின்மேல் விரைவாகப் பாதுகாப்புப் படலம் அமைத்தன. ஆனால் அந்தப் படலத்தை அமைப்பதிலேயே அவை செலவழிந்துபோயின. இதனால் இவ்வகைக் கூலன்ட்டை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பரிந்துரைக்கப்பட்டது.

அலுமினிய ஹெட்டுகளும் அலுமினிய ரேடியேட்டர்களும் பரவியபின் தடுப்பான்களில் புதிய தலைமுறை தோன்றியது. கரிம அமிலங்களின் உப்புகளைக் கொண்ட இவை, அரிமானம் தொடங்கும் இடத்தில் மட்டும் வினைபுரிவதால் மெதுவாகச் செலவாகின்றன. 1990களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகம் செய்த ஆரஞ்சு நிற 'டெக்ஸ்கூல்' இவ்வகையில் பெயர்பெற்றது. ஐந்து ஆண்டுகள் அல்லது 1,50,000 மைல் என்ற ஆயுள் அதற்குச் சொல்லப்பட்டது.

நாட்டுக்கு நாடு கலவைகள் மாறியதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளில் கடினநீர் மிகுதி. கடினநீரின் கால்சியத்தோடு பாஸ்பேட் சேர்ந்தால் படிவாகிவிடும் என்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தன. ஜப்பானிய நிறுவனங்கள் பம்ப் சீலின் தேய்மானத்தைக் கருதிச் சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பாஸ்பேட்டைப் பயன்படுத்தின. இரண்டும் தத்தம் அளவில் சரியே. ஆனால் இரண்டையும் ஒரே ரேடியேட்டரில் கலந்தால் எந்தத் தடுப்பான் எந்த அளவில் எஞ்சும் என்று சொல்ல முடியாது. சில கலவைகள் கூழாகவும் திரியலாம். பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு ஆகிய நிறங்கள் வெறும் சாயங்கள். அவற்றுக்கு உலகப் பொதுவான வரையறை இல்லை. நிறம் ஒத்துப்போவதால் கூலன்ட்டின் வகை ஒன்று என்று முடிவுசெய்ய இயலாது.

வெப்பநாட்டில் கூலன்ட்

உறைதடுப்பான் என்ற பெயரே வெப்பநாடுகளில் ஒரு தவறான எண்ணத்தை விதைத்தது. தமிழ்நாட்டில் உதகை போன்ற மலையூர்களில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி காண்பதைத் தவிர, நீர் உறையும் குளிர் இல்லை. குளிர் இல்லாத ஊரில் உறைதடுப்பான் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1950களின் இறுதியில் வந்து 2014வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் போன்ற கார்களில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது பரவலான வழக்கம். மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் எஞ்சின் முழுத் திறனோடு உழைக்கும். வண்டியின் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் குறைவு. கொதித்த வண்டியை ஓரங்கட்டி, முகப்பைத் திறந்துவைத்து, ஆறியபின் தண்ணீர் ஊற்றிச் செல்வது பயணத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

அந்த எஞ்சின்கள் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் சேர்ந்தவை. நீர்ப்பாதைகள் அகலமானவை. துருவையும் படிவையும் அவை ஓரளவு பொறுத்துக்கொண்டன. அடைத்த ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பிவிட்டுத் துப்புரவாக்கும் தொழிலாளர்களும் இருந்தார்கள். இன்றைய எஞ்சின்களில் அலுமினிய ஹெட், மெல்லிய அலுமினியத் தகடுகளாலான ரேடியேட்டர், நெகிழித் தொட்டிகள், குறுகிய பாதைகள் ஆகியவை உள்ளன. பல கார்களின் பம்புச் சக்கரமே நெகிழியால் ஆனது. பழைய வழக்கத்தை இவற்றின்மேல் தொடர்ந்தால் இவை தாங்கா.

குறிப்பாக ஆழ்துளைக் கிணற்று நீர் தீங்கானது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் எஞ்சினின் மிகச் சூடான இடங்களில், அதாவது வெப்பத்தை உடனே அகற்ற வேண்டிய அதே இடங்களில் படிகின்றன. அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. வெப்பமானியின் முள் இயல்பாகவே காட்டும். ஆனால் சிலிண்டர் ஹெட்டின் உலோகம் உள்ளே மிகைச் சூடடைந்திருக்கும். அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரிவதால் ஹெட் வளையும். ஹெட் கேஸ்கட் உடையும். சில லிட்டர் கூலன்ட்டில் மிச்சம்பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு அங்கே செலவாகும்.

இத்துறையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகள் வழங்கும் ஒப்பந்தத்தைச் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம் பெற்றது. பிரிட்டனில் இயங்கிவந்த மூடி உற்பத்தி இயந்திரங்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. உறைபனியில் ஓடும் அமெரிக்க கார்களின் அழுத்த மூடிகள் வெயில் காயும் சென்னையில் தயாராயின. இந்திய வாகன உதிரிபாக ஏற்றுமதியின் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

பராமரிப்பு முறைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே பராமரிப்பு விதிகளும் பிறக்கின்றன.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது துணைத்தொட்டியில் கூலன்ட் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மூடிய அமைப்பில் கூலன்ட் குறைவதற்கு இடமில்லை. அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஊற்றி நிரப்புவது தீர்வாகாது. கசிவைக் கண்டறிய வேண்டும்.

கையேட்டில் சொல்லப்பட்ட வகைக் கூலன்ட்டையே பயன்படுத்த வேண்டும். அடர்வாக வாங்கினால் வாலைவடிநீரிலோ கனிமம் நீக்கிய நீரிலோ கலக்க வேண்டும். வழியில் அவசரத்துக்குக் குடிநீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் சேர்ந்தபின் முழுவதும் வடித்து மாற்றிவிடுவது நல்லது.

குறித்த காலத்தில் கூலன்ட்டை மாற்ற வேண்டும். உறைநிலையை அளக்கும் கருவி கிளைக்காலின் அளவைத்தான் காட்டும். தடுப்பான்கள் தீர்ந்தனவா என்பதைக் காட்டாது. தெளிவாகவும் நிறம் மாறாமலும் இருக்கும் கூலன்ட்டும் ஆயுள் முடிந்ததாக இருக்கலாம். மாற்றியபின் அமைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றவும் வேண்டும்.

வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். சீல் கெட்டால் கூலன்ட் தாங்கிக்குள் புகாமல் இத்துளை வழியே சொட்டும். அங்கே ஈரமோ நிறக்கறையோ காண்பது முன்னறிவிப்பு. அதை அடைத்துவிடக் கூடாது. பம்பிலிருந்து உறுமலோ கீச்சொலியோ கேட்டால் தாங்கி தேய்ந்திருக்கலாம். சில எஞ்சின்களில் பம்பை டைமிங் பெல்ட்டே சுழற்றுகிறது. அங்கே பம்ப் இறுகினால் பெல்ட் அறுந்து வால்வுகள் வரை சேதம் போகும். அதனால்தான் அந்த பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஓட்டும்போது வெப்பமானி உயர்ந்தால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும். கொதித்த எஞ்சினில் உடனே குளிர்நீர் ஊற்றினால் உலோகத்தில் விரிசல் விழக்கூடும்.

நச்சுத்தன்மை

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, நச்சுத்தன்மை மிக்கது. உடலில் அது சிதைந்து ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பால் ஈர்க்கப்பட்டுக் குழந்தைகளும் நாய், பூனைகளும் இதற்குப் பலியாவதுண்டு. வடித்த கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. குளிர்பான பாட்டில்களில் அடைத்து வைப்பது இன்னும் ஆபத்தானது. யாரேனும் விழுங்கிவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முறிமருந்து உண்டு, ஆனால் அது காலத்தோடு கொடுக்கப்பட்டால்தான் பயன்தரும். புரொப்பிலீன் கிளைக்கால் அடிப்படையிலான, நச்சுத்தன்மை குறைந்த கூலன்ட்டுகளும் விற்பனையில் உள்ளன.

மின்சாரப் பம்பும் மின்சார காரும்

பெல்ட்டில் சுழலும் பம்ப் எஞ்சின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. குளிர்ந்த எஞ்சினிலும் அது வீணாகச் சுழலும். வெயிலில் நின்றுகொண்டு மெதுவாக ஓடும் எஞ்சினுக்குப் போதிய அளவு தராது. இந்தக் குறையை மின்மோட்டாரால் சுழலும் பம்ப் தீர்க்கிறது. பிஎம்டபிள்யூ 2004இல் தன் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும், டொயோட்டா 2009இல் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரிலும் இதைக் கொண்டுவந்தன. எஞ்சினை அணைத்தபின்னும் பம்பை ஓட்ட முடிவதால் டர்போ போன்ற சூடான பகுதிகளையும் காக்க முடிகிறது.

மின்சார காரில் எரிதல் இல்லை. ஆனால் கூலன்ட் இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலம் மிகைச் சூட்டில் விரைவாக மூப்படையும். 2010இல் வந்த நிசான் லீஃப் மின்கலத்துக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. அமெரிக்காவின் வெப்பம் மிகுந்த அரிசோனாவில் அதன் உரிமையாளர்கள் மின்கலத் திறன் விரைவில் குறைவதாக முறையிட்டார்கள். இன்று பெரும்பாலான மின்சார கார்களில் கிளைக்கால் கரைசல் மின்கலத் தகடுகளுக்கிடையே சுற்றுகிறது. கசிந்தால் மின்கசிவு நேராதிருக்க, மின்கடத்துத்திறன் குறைந்த புதுவகைக் கூலன்ட்டுகளும் உருவாகிவருகின்றன.

பெர்த்தா பென்ஸுக்குத் தம் வண்டியின் நீர் எப்போது தீரும் என்பது தெரிந்திருந்தது; அது கண்முன்னே ஆவியாகிக்கொண்டிருந்தது. இன்றைய ஓட்டுநருக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. தொட்டி நிறைந்திருக்கும், நிறம் பளிச்சென்றிருக்கும், உள்ளே தடுப்பான்கள் தீர்ந்திருக்கும். கூலன்ட் மாற்றிய தேதியையும் அப்போது ஓடியிருந்த கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்திருப்பது, அன்று அவர் வழியெங்கும் செய்த வேலையின் இன்றைய வடிவமாகும்.